ஏசி பார்க்க விட்ட கார் சீரோடு வந்தது

1

இன்று காலை கிரைண்டரில் இட்லி மாவு ஓடிக்கொண்டிருந்தபோது மெல்பர்ன் ஒர்க்‌ஷாப்காரர் போன் செய்தார். நேற்று காரை சர்வீஸுக்கு விட்டிருந்தேன். முன்கண்ணாடி வைப்பரில் ஒரு பக்க ரப்பர் கிழிந்திருக்கிறதாம், மாற்றலாமா என்று கேட்டார். மாற்றுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அவரே. இன்னொரு பக்க ரப்பரும் கிழியப் போகிற மாதிரி இருக்கிறதாம், அதையும் மாற்றிவிடலாமா? அட மாற்றுங்களய்யா என்று தமிழில் முணுமுணுத்துவிட்டு, ஆங்கிலத்தில் மிகுந்த நன்றியோடு சரி என்றேன். அதோடு விட்டாரா? ஒரு குறுஞ்செய்தி வந்தது: இரண்டுக்கும் தாங்கள் சம்மதித்ததை எழுத்தில் உறுதி செய்யவும். மாவுக் கையோடு உறுதி செய்தேன். செய்துவிட்டு அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தேன். என் மகள் இனியா ஓடிவந்து, "அம்மா, ஆர் யூ ஓகே?" என்று கேட்டாள். அவளும் இந்த ஊர்க்காரிதான், எதையும் கேட்டுவிட்டுத்தான் செய்வாள்.

இது கேட்கிற தேசம். பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் வேலிக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த அவருடைய மரத்துக் கிளையை அவரே வெட்டுவதற்கு எனக்குக் கடிதம் எழுதிப் போட்டார். இனியாவின் பள்ளியில் பிள்ளைகளை எதிரே இருக்கிற பூங்காவுக்கு நடத்திக் கூட்டிப்போக ஒரு படிவம், அங்கே ஐஸ்கிரீம் வாங்கித்தர இன்னொரு படிவம். போன வருடம் அவள் வகுப்பில், உன் உடம்பு உன்னுடையது, உன்னைக் கேட்காமல் யாரும் தொடக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தார்கள். நல்ல பாடம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்றிலிருந்து தலைக்கு எண்ணெய் வைக்கக்கூட நான் மனுப்போட வேண்டியிருக்கிறது.

ராசிபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, நாங்கள் ஊரில் இல்லாதபோது எங்கள் முருங்கை மரத்தில் ஏறிக் காய் பறித்து, பாதியைத் தான் எடுத்துக்கொண்டு பாதியை எங்கள் வாசல்படியில் வைத்துவிட்டுப் போவார். கேட்டதும் இல்லை, சொன்னதும் இல்லை. அந்த ஊரில் பிறந்து இந்த ஊரில் வாழ்கிற நான் போன சித்திரையில் ஊருக்குப் போய், கேட்காமல் வேலை செய்கிற ஒரு ஒர்க்‌ஷாப்காரரிடம் மாட்டிக்கொண்ட கதையைத்தான் எழுதப் போகிறேன். ஊரில் இருக்கும் நீங்கள் இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். எனக்கு இன்னும் நெஞ்சு ஆறவில்லை.

2

முதலில் அம்மாவின் காரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது அப்பா வாங்கிய பழைய, சின்ன வெள்ளைக் கார். அப்பா போனபிறகு சொந்தக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து அதை விற்றுவிடச் சொன்னார்கள். காரியம் முடிந்த அடுத்த மாதம் அம்மா டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தார். வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. சொல்லிக்கொடுத்த பையன் முதல் வாரத்திலேயே சாமி கும்பிட்டுவிட்டுத்தான் வண்டியில் ஏறுவான் என்று அம்மாவே சொல்லிச் சிரிப்பார்.

இப்போது அவர் இல்லாமல் எங்கள் தெருவில் ஒன்றும் நடக்காது. சனிக்கிழமை என்றால் மூன்று சிநேகிதிகளை ஏற்றிக்கொண்டு நாமக்கல் ஆஞ்சநேயர். நினைத்தால் ஆட்டையாம்பட்டிக்கு முறுக்கு வாங்க ஒரு ஓட்டம். யாருக்காவது காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்கு. நான் மெல்பர்னிலிருந்து போன் செய்தால், "வண்டில இருக்கறேன், பொறவு பேசறேன்," என்று வைத்துவிடுவார். தனியாக இருக்கிறாரே என்று நான் இங்கே உருகிக்கொண்டிருப்பேன். அவரோ பஸ் ஸ்டாண்டு சிக்னலில் லாரிக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பார். அந்தக் கார் இல்லையென்றால் அம்மா வெறும் வீட்டில் உட்கார்ந்திருக்கிற ஒரு வயதான மனுஷி. இதை நான் சொல்லவில்லை, அவரே சொன்னது.

போன சித்திரையில் இனியாவுக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். அவளுக்கு அப்போது ஏழு வயது. ஊரில் இந்த வயதில் காதுகுத்தினால் சிரிப்பார்கள். கொரோனா, வேலை, விசா என்று தள்ளித் தள்ளிப் போய்விட்டது. என் கணவர் பிரபுவுக்கு லீவு கிடைக்கவில்லை. அதைச் சொன்னபோது அம்மா துளியும் அலட்டிக்கொள்ளவில்லை. "மாப்பிள்ளை வராட்டிப் பரவால்ல. தாய்மாமன் இல்லாம என்ன பண்றது, அதச் சொல்லு மொதல்ல," என்றார். நான் ஒற்றைப் பிள்ளை. யார் மடியில் உட்காரவைத்துக் காதுகுத்துவது என்பது அவருக்கு நான் கல்யாணமாகிப் போன நாளிலிருந்து இருக்கிற கவலை.

நாங்கள் போய் இறங்கிய நேரம் காரில் ஏசி வேலை செய்யவில்லை. சித்திரை வெயில். இனியாவுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. அம்மா வழக்கமாக விடுகிற உள்ளூர் மெக்கானிக் பாதயாத்திரை போயிருந்தார். வந்துவிடுவார், பொறு என்றார் அம்மா. நான் பொறுக்கவில்லை. போனில் தேடி, சேலம் அஸ்தம்பட்டியில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய ஒரு ஒர்க்‌ஷாப்பைக் கண்டுபிடித்து, ஏசி மட்டும் பாருங்கள் என்று சொல்லி விட்டுவிட்டு வந்தேன். ஏசி மட்டும். அதை அழுத்திச் சொன்னேன்.

மூன்றாம் நாள் பில் வாட்ஸப்பில் வந்தது. கிளட்ச் பிளேட் புதுசு, பிரேக் புதுசு. அடியில் துருப்பிடிக்காமல் இருக்கப் பெயிண்ட். சீட்டுக்குச் சிவப்பு ரெக்சின் கவர். பின்னால் பார்க்கக் கேமரா. பாட்டுக் கேட்க ஒரு புதுப் பெட்டி. மொத்தத் தொகைக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் அதே மாதிரி பழைய கார் ஒன்று வாங்கிவிடலாம். கடைசியில் ஒரு வரி: ஏசிக்குக் கேஸ் நிரப்ப வேண்டும், அது தனி. பணத்தைக் கட்டினால்தான் சாவி.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை மேலிருந்து கீழே படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "ஒத்தப் பைசா குடுக்கப்படாது. காசுக்காகச் சொல்லல. கேக்காம எப்படிக் கை வெச்சான்? ஆனா எம் வண்டி எனக்கு வந்தாகோணும். நீ பாட்டுக்கு ஏரோப்ளேன்ல போயிருவ. நான் எதுல போவேன்?" என்றார்.

3

மறுநாள் இனியாவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி அஸ்தம்பட்டி போனேன். வழியெல்லாம் பேச வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். மெல்பர்னில் இதற்கென்றே ஒரு வாக்கியம் இருக்கிறது. அதைச் சொன்னால் எந்தக் கடைக்காரரும் நிமிர்ந்து உட்காருவார். அதைத் தமிழில் மாற்றி, கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடம் கம்பீரமாகச் சொன்னேன்: "இந்த வேலைகளுக்கு நான் அங்கீகாரம் அளிக்கவில்லை."

அந்தப் பெண் பேந்தப் பேந்த விழித்தாள். பின்னால் திரும்பி, "அண்ணா, யாரோ ஆபீசரு வந்திருக்காங்க," என்று குரல் கொடுத்தாள்.

உள்ளிருந்து முதலாளி வந்தார். பெயர் தங்கவேல். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, சட்டைப் பையில் இரண்டு போன். என்னைப் பார்த்ததும் ஏதோ நெடுநாளாக எதிர்பார்த்த விருந்தாளியைப் பார்த்த மாதிரி முகம் மலர்ந்தது.

"வாங்கம்மிணி, வாங்க. ஏனுங்க வெயில்ல நிக்கறீங்க? உக்காருங்க மொதல்ல. பாப்பாக்கு ஜூஸு வாங்கியாரச் சொல்றேன்."

"ஜூஸ் வேண்டாங்க. நான் ஏசி மட்டும் பாக்கச் சொன்னேன்."

"பேசிக்கலாமுங்க. எந்த ஊருங்க நீங்க?"

"ராசிபுரம்ங்க. நான் என்ன கேக்கறேன்னா..."

"ராசிபுரத்துல யாரு ஊடுங்க?"

இங்கேதான் நான் கோட்டைவிட்டேன். மெல்பர்னில் ஒர்க்‌ஷாப்காரர் இப்படிக் கேட்டால் போலீசைக் கூப்பிடலாம். எங்கள் ஊரில் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. வாய் தானாகச் சொல்லிவிடும். அப்பா பேங்க்கில் இருந்தார் என்றேன். அம்மா பிறந்த ஊர் எது என்றார். மல்லசமுத்திரத்துக்குப் பக்கம் என்று ஊர்ப் பெயரையும் சொன்னேன்.

தங்கவேல் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "அடச் சாமி! எங்கம்மா பொறந்ததும் அதே ஊருதானுங்க! அப்ப உங்கம்மா எனக்குச் சின்னம்மா மொறை. நீ எனக்குத் தங்கச்சி! பாத்தியா, எங்க போயி எங்க வந்து நிக்குது. டேய், தங்கச்சிக்கு டீ சொல்லுடா! போண்டாவும் சொல்லு!"

'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. எதிரே டீயும் வந்துவிட்டது. பில் பேச்சை எடுத்தேன்.

"தங்கச்சி வண்டிய அரைகொறையா அனுப்ப முடியுமா, நீயே சொல்லு? அதான் ஒண்ணு விடாம பாத்து உட்டுருக்கறேன்."

நான் தங்கச்சி என்று தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே தங்கச்சிப் பாசம் பொங்கியிருக்கிறது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வாயில் போண்டா இருந்தது. இனியா ஜூஸை உறிஞ்சிக்கொண்டு, "மாமா நைஸ்," என்றாள். புறப்படும்போது ஒரு கட்டைப்பை நிறைய மாம்பழத்தைக் கையில் திணித்து, பஸ் ஏற்றிவிடவும் ஆள் அனுப்பினார். காரை வாங்கிவரப் போனவள் மாம்பழத்தோடு வந்து இறங்கினேன்.

அம்மா பையையும் என்னையும் பார்த்தார். "அங்க ஏதாச்சும் தின்னியா?"

"ஒரு போண்டாம்மா."

"போச்சு போ. தின்னுட்டு எங்கிருந்து சண்டை போடுவ?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மாம்பழத்தை அவர் தொடவில்லை. நானும் இனியாவும்தான் தின்று தீர்த்தோம்.

4

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பிரபுவைப் போனில் பிடித்தேன். அவர் அங்கிருந்துகொண்டே எல்லாம் தெரிந்தவர் மாதிரி, எதையும் எழுத்தில் கேள், நுகர்வோர் நீதிமன்றம் என்று ஒரு வார்த்தை போடு, அலறுவான் என்றார். ராத்திரி உட்கார்ந்து, யாரும் குறை சொல்ல முடியாத ஆங்கிலத்தில், ஒன்று இரண்டு என்று எண் போட்டு ஒரு புகார் எழுதி வாட்ஸப்பில் அனுப்பினேன். கடைசியில் அந்த நீதிமன்ற வார்த்தையையும் போட்டேன்.

காலையில் பதில் வந்திருந்தது. ரோஜாப்பூவும் முருகனும் இருக்கிற ஒரு படம். 'இந்த நாள் இனிய நாளாக அமையட்டும் தங்கச்சி.'

அலறியது நான்தான். அடுத்து, அந்த ஐந்து நட்சத்திரத்தை நம்பி ஏமாந்த கோபத்தில், இணையத்தில் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு நடந்ததையெல்லாம் எழுதினேன். கேட்காமல் வேலை செய்கிறார்கள், ஜாக்கிரதை என்று. ஊர் அறியட்டும் என்று நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தேன். கை கழுவுவதற்குள் அதற்குக் கீழேயே, எல்லோரும் பார்க்கிற மாதிரி அவர் பதில் எழுதிவிட்டார்: 'நன்றி தங்கச்சி. சின்னம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும்.' அதற்குக் கீழே முன்பின் தெரியாத யாரோ ஒருவர், 'குடும்பச் சண்டையை வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்' என்று எனக்குப் புத்தி சொல்லியிருந்தார்.

அன்று மாலை அவரே போன் செய்தார். "என்ன தங்கச்சி, ஒத்த நட்சத்திரம் போட்டுட்ட? அண்ணன் மனசு என்னாவும்?"

எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் 'அண்ணா' என்று ஆரம்பிக்காமல் எங்கள் பக்கத்தில் ஒரு ஆம்பிளையோடு சண்டை போடவே முடியாது. 'அண்ணா' என்று ஆரம்பித்தபிறகு கத்தவும் முடியாது. மெல்பர்னில் அந்தத் தொல்லையே இல்லை. 'சார்' என்று அழைத்துக்கொண்டே ஒரு மனிதனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடலாம்.

காதுகுத்துக்கு எட்டே நாள்தான் இருந்தது. சனிக்கிழமை அம்மாவின் சிநேகிதிகள் வழக்கம்போலக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். வண்டி இல்லை என்று அம்மா அவர்களைத் திருப்பி அனுப்பினார். கார் நிற்கிற இடத்தில் சிமெண்டுத் தரையில் எண்ணெய்க் கறை இருந்தது. அதைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. பேசாமல் பணத்தைக் கட்டிவிடலாமென்று கிளம்பினேன்.

"எங்க போற?" என்றார்.

"அம்மா, விடும்மா. கட்டிட்டு எடுத்துட்டு வந்தர்றேன்."

"நீ கட்டுனா பொறவு நான் அந்த வண்டில உக்காரவே மாட்டேன்," என்றார். குழாயை மூடிவிட்டுத் திரும்பினார். "உன்ன அவன் என்ன மொறைன்னு சொன்னான்?"

"தங்கச்சின்னு."

"எத்தன பேரு முன்னால சொன்னான்?"

"கடை பூரா."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ப் பட்டுப்புடவையை எடுத்தார்.

5

பித்தளைத் தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ, நடுவில் காதுகுத்துப் பத்திரிகை. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு அம்மா வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒர்க்‌ஷாப்பில் கூட்டம் இருந்தது. லாரி முதலாளி மாதிரி இருந்த பெரியவர் ஒருவர் தன் காருக்காக உட்கார்ந்திருந்தார். தங்கவேல் அம்மாவைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்தார்.

"வாங்க சின்னம்மா! சொல்லியனுப்புனா நானே வந்திருப்பனே? டேய், டீ..."

"டீ வேண்டாஞ் சாமி. ஊட்லயே சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்," என்றார் அம்மா. உட்காரவும் இல்லை. "எம் புள்ள சொன்னா. நீ அவளுக்கு அண்ணன் மொறையாமா?"

"ஆமாங்க சின்னம்மா! அதுல என்ன சந்தேகம்?"

"சும்மா வாய் வார்த்தைக்குச் சொல்லலையே?"

"என்னங்க இப்படிக் கேட்டுட்டீங்க? கூடப் பொறந்தாத்தான் தங்கச்சியா?" என்று நெஞ்சில் கை வைத்தார். உட்கார்ந்திருந்த பெரியவர் அதை ஆமோதித்துத் தலையாட்டினார்.

"அதான் எனக்கும் வேணும்," என்றார் அம்மா. தட்டை இரண்டு கையாலும் நீட்டினார். "அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம எம் பேத்திக்குக் காதுகுத்து. எம் மகளுக்குக் கூடப் பொறந்தவன் இல்ல. இத்தன வருசமா யாரு மடில உக்கார வெக்கறதுன்னு தூக்கமில்லாம கெடந்தேன். ஆண்டவன் உன்னக் காட்டிட்டான். தாய்மாமன் சீரு நீதான் கொண்டாரணும். உம் மடிலதான் புள்ளய உக்கார வெக்கணும்."

ஒர்க்‌ஷாப்பில் ஸ்பானரோடு வந்த பையன்கூட நின்றுவிட்டான். தங்கவேலின் கை தட்டுக்கும் சட்டைப் பைக்கும் நடுவில் அந்தரத்தில் நின்றது.

"அதுக்கென்னங்க சின்னம்மா... ஞாயித்துக்கெழம... எனக்கு ஒரு லோடு..."

"ஏனுங்க," என்றார் பெரியவர், "மொறைன்னு நீங்களே சொல்லிப்போட்டீங்க. பொறவு லோடு கீடுன்னா எப்படி? வெத்தல பாக்க வாங்குங்க மொதல்ல."

வாங்கினார். வேறு வழி? எங்கள் பக்கத்தில் தாய்மாமன் என்று தட்டு நீட்டியபின் மறுத்தவன், அப்புறம் ஒரு விசேஷத்திலும் முன்வரிசையில் உட்கார முடியாது.

"வண்டியும் சீரோடயே வந்துரட்டும்," என்றார் அம்மா. கிளம்பும்போது வாசலில் நின்று, ஏதோ மறந்துபோனதைக் கேட்கிற மாதிரி திரும்பினார். "ஆமா, அண்ணன் தங்கச்சிக்குச் செஞ்சதுக்கெல்லாம் சேலத்துல பில்லுப் போடுவாங்களா சாமி?"

பெரியவர் இருமினார். சிரிப்பை அடக்கத்தான் இருமினார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

6

பஸ்ஸில் அம்மா வெற்றி பெற்ற மாதிரிதான் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்து புடவையை மாற்றியபின்தான் பயம் பிடித்தது. அவன் வராமல் போனால்? எங்கள் தெரு முழுக்க, எம் மக கவிதாவுக்கு ஒரு அண்ணன் கிடைத்துவிட்டான் என்று அவரே சொல்லிவைத்திருந்தார். காரும் அவன் கையில். மானமும் அவன் கையில். ஞாயிற்றுக்கிழமை வரை ரோஜாப்பூ படங்கூட வரவில்லை. நான் ஒரு நாள் மனசு கேட்காமல், பணம் அனுப்பட்டுமா என்று தங்கவேலுக்குச் செய்தி தட்டி, அம்மாவின் முகத்தை நினைத்து அழித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நாமக்கல் போகிற வழியில் ஒரு கரட்டுக் குன்றின் அடிவாரத்தில் இருக்கிற எங்கள் குலதெய்வக் கோயிலில் எல்லோரும் கூடிவிட்டோம். ஆசாரி வந்துவிட்டார். கிடாய் விருந்துக்கு அடுப்பு எரிந்தது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. "மாமன் எங்க, மாமன் எங்க?" என்று ஒவ்வொரு கிழவியாகக் கேட்க, அம்மா, "வந்துட்டே இருக்கறான்," என்று சொல்லிச் சொல்லி வாய் உலர்ந்துபோனார். நான் பக்கத்தில் போய் அவர் கையைப் பிடித்தேன்.

அப்போது தூரத்தில் பேண்டு சத்தம் கேட்டது.

முதலில் பேண்டு வாத்தியக்காரர்கள். பின்னால் தட்டு தட்டாகப் பழம், இனிப்பு, பாவாடை சட்டை, வளையல், தேங்காய், சுமந்துகொண்டு அவர் வீட்டுப் பெண்களும் ஒர்க்‌ஷாப் பையன்களும். அதற்கும் பின்னால் மாவிலைத் தோரணம் கட்டி, கழுவித் துடைத்து, சிவப்பு சீட்டோடு அம்மாவின் கார். ஓட்டிவந்தது தங்கவேல். பேண்டு வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கேட்காமல் அதையும் மாட்டியிருக்கிறார்.

அம்மா அழுதுவிட்டார். நான் கிண்டலாகப் பார்க்க நினைத்துத் திரும்பினேன், எனக்கும் கண்ணில் தண்ணீர். தங்கவேலின் மனைவி என் காதோரம் வந்து, "எங்க ஊட்டுக்காரருக்கும் கூடப் பொறந்த பொண்ணு இல்லீங்க. ஒரு வாரமா தட்டு வாங்கறேன்னு கடைகடையா ஏறி எறங்கறாரு. ஒர்க்‌ஷாப்பவே தெறக்கலைங்க," என்றார். ஏமாற்றுக்காரனை மனசாரத் திட்ட முடியாமல் போவதைப்போல் எரிச்சலான விஷயம் வேறில்லை.

மடியில் உட்காரும் நேரத்தில் எங்கள் மெல்பர்ன்காரி மறுத்துவிட்டாள். "என்னை யாரும் கேக்கல. நான் யெஸ் சொல்லல," என்று இடுப்பில் கைவைத்து நின்றாள். கிழவிகள் சிரித்தார்கள். யாரோ, "தூக்கி உக்கார வெய்யுங்க, அழுதா ரெண்டு நிமிசம்," என்றார்கள். நான் அவளிடம் கெஞ்ச ஆரம்பித்தேன்.

தங்கவேல் வேட்டியை மடித்துக்கொண்டு அவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "சாமி, மாமன் மடில உக்கார்றியா?"

அவள் யோசித்தாள். "ஓகே."

"காது குத்தலாமா?"

"ஒரு காதுதான். அப்புறம் திரும்பக் கேக்கணும்."

"சரிங்க சாமி."

ஒரு காது குத்தியதும் அவள் வீரிட்டாள். ஆசாரி அடுத்த காதைப் பிடிக்கப் போனார். தங்கவேல் கையை நீட்டித் தடுத்தார். "இருய்யா, பாப்பாவ ஒரு வார்த்தை கேக்கோணும்." பேண்டுக்காரர்கள் வாசிப்பை நிறுத்தினார்கள். கூட்டமே காத்திருந்தது. அழுது முடித்து, மூக்கை அவர் வெள்ளைச் சட்டையில் துடைத்துவிட்டு, அவள் "யெஸ்" என்றாள்.

என்னால் வாயைக் கட்ட முடியவில்லை. "ஏண்ணா, புள்ளையக் கேக்கத் தெரியுது. வண்டிக்கு ஏன் கேக்கல?"

"வண்டி வாய் பேசாதுல்ல அம்மிணி," என்றார் கூசாமல்.

திரும்பும்போது அம்மாதான் ஓட்டினார். சிநேகிதிகள் மூவரும் பின்னால். ஏசியைப் போட்டால் அனல் அடித்தது. கண்ணாடிகளை இறக்கிவிட்டுக்கொண்டு, அந்தப் புதுப் பெட்டியில் அம்மன் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு போனோம்.

7

ஊர்க்கதையை இதோடு முடித்திருக்கலாம். ஆனால் போன மாதம் ஒன்று நடந்தது.

அம்மாவுக்குக் கண்புரை என்று தெரியும். ஆபரேஷனுக்கு நான் லீவு போட்டு வருகிறேன், பொறு என்று சொல்லியிருந்தேன். என் மேலாளர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருந்தார். ஒரு நாள் மதியம் வீடியோ அழைப்பு வந்தது. எடுத்தால், ஒரு கண்ணில் பச்சைத் துணி கட்டிக்கொண்டு அம்மா கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். அஸ்தம்பட்டியில் ஒரு கண் ஆஸ்பத்திரியாம். காலையில் ஆபரேஷன் முடிந்துவிட்டதாம்.

"என்னக் கேக்காம எப்படிம்மா பண்ணிக்கிட்ட?" என்று கத்தினேன்.

அம்மா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அவர் வேறொருவரோடு சண்டையில் இருந்தார். "நீயே கேளு கவிதா இந்த அநியாயத்த! நான் உள்ள படுத்திருக்கற நேரத்துல இவன் வண்டியக் கொண்டுபோயி நாலு டயரும் மாத்தீட்டு வந்திருக்கறான்! நான் கேட்டனா? ஒத்தப் பைசா தர மாட்டேன்!"

போனைப் பிடித்திருந்த கை ஆடியது. "சின்னம்மா, கத்தாதீங்க, கண்ணுக்கு ஆகாது. டயரு வழவழன்னு போச்சு. ஒத்தக் கண்ணோட வேற ஓட்டுவீங்க," என்று தங்கவேலின் குரல் கேட்டது.

"உங்கிட்ட யாருடா யோசன கேட்டா?" என்றார் அம்மா. ஆனால் குரலில் கோபத்தைவிடத் தெம்புதான் இருந்தது. முந்தின நாளிலிருந்து தங்கவேலும் அவர் மனைவியும்தான் கூட இருக்கிறார்களாம். கஞ்சி அவர்கள் வீட்டிலிருந்து வந்ததாம். எனக்குச் சொன்னால் இங்கே தவிப்பேன் என்று சொல்லவில்லையாம். எனக்கு ஆத்திரம். யார் மேல் என்றுதான் தெரியவில்லை. என் அம்மாவின் கண்ணுக்கு என் இடத்தில் வேறு ஒருவர் நிற்கிறார். என்னை யாரும் கேட்கவில்லை.

அந்த நேரம் நர்ஸ் உள்ளே வந்தார். "பேஷண்டுக்கு நீங்க என்ன வேணும்?" என்று கேட்பது கேட்டது.

"மகனுங்க."

"போன்ல யாரு?"

"எந்தங்கச்சிங்க. ஆஸ்திரேலியாவுல இருக்குது."

நர்ஸ் எட்டிப் போனுக்குள் பார்த்தார். இளம் பெண், அவசரத்தில் இருந்தார். "ஏங்க, சொட்டு மருந்து வேளை தவறாம ஊத்தணும். கண்ணுல தண்ணி படக்கூடாது. உங்க அண்ணன்கிட்டச் சொல்லியிருக்கறேன். ஆம்பிளைங்க மறந்துருவாங்க, நீங்க தெனமும் போன் பண்ணிக் கேட்டுக்குங்க, சரிங்களா?"

அவர் என் அண்ணன் இல்லை, நான்தான் மகள், நான் ஒற்றைப் பிள்ளை என்று சொல்ல நாக்கின் நுனி வரை வந்தது. திரையில் அம்மா ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிங்க," என்றேன். "எங்கண்ணன் மறக்க மாட்டாருங்க."

"ஏசிக்குக் கேஸு மட்டும் இன்னும் போடல," என்றார் அம்மா.